ஆரணிக்கு ஒரு கிளவுட்: பழைய போன்களே போதும்

கிளவுட் என்றால் பெரிய முதலீட்டாளர்களின் வேலை என்று ஒரு கருத்து நம்மிடையே வேரூன்றிவிட்டது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழும்புவது போன்ற மாடி மாடியான டேட்டா சென்டர் வேண்டும், அதற்குத் தனி மின்வசதி வேண்டும், குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும், பல நூறு கோடி முதல் வேண்டும் என்கிறார்கள். ஆரணி போன்ற நெசவு ஊருக்கு அதில் மாத வாடகைக்கு ஒரு மூலை பிடிப்பதைத் தவிர வழியில்லையாம். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய போன்கள் வெறும் குப்பையாம், எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதானாம். கணினி படித்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள். தமிழ்நாடு அரசு 2021-இல் வெளியிட்ட டேட்டா சென்டர் கொள்கையின் கவனமும் பெரிய முதலீடுகள் மீதுதான்.

இந்தக் கருத்து தவறு என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். ஒரு நெசவு நகரத்துக்குத் தேவையான கணினி வேலையில் பெரும்பகுதியை, ஒன்றோடொன்று இணைத்த இருபது பழைய போன்கள் செய்துவிடும். அந்தப் போன்கள் ஊருக்குள்ளேயே, ஊராரின் கையிலேயே இருக்கவும் முடியும். இதற்குத் தடையாக நிற்பது தொழில்நுட்பம் இல்லை. பழைய போனைத் திறக்க விடாத பூட்டும், ‘நமக்கு எதற்கு இதெல்லாம்’ என்ற பழக்கமுமே தடை.

முதலில் தேவையை அளந்து பார்ப்போம். ஆரணியின் செல்வம் பட்டு. அடுத்தது அரிசி. காஞ்சிபுரத்தின் பெயரில் கடைகளில் விற்கும் சேலைகளில் பல, ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களின் தறிகளில் பிறந்தவை. அந்தச் சேலைகளின் உயிர் கரையிலும் முந்தியிலும் இருக்கும் வடிவம். அது முதலில் கட்டம் போட்ட கிராஃபில் வரையப்படுகிறது. பிறகு, தறியில் அந்த வடிவத்தை நெய்யவைக்கும் ஜக்கார்டு பெட்டிக்கான அட்டையில் ஓட்டைகளாகிறது. மின்னணுப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு கோப்பு. 480 கொக்கிகள் உள்ள பெட்டிக்கு 5,000 அட்டைகள் கொண்ட பெரிய வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியிலும் ஓட்டை உண்டு அல்லது இல்லை. மொத்தம் 24 லட்சம் புள்ளிகள். கணினிக் கணக்கில் இது 3 லட்சம் பைட், அதாவது 300 கிலோபைட். 64 ஜி.பி. கொள்ளளவுள்ள ஒரு பழைய போனில் 40 ஜி.பி. காலியாக இருந்தாலே இப்படிப்பட்ட வடிவங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் அடங்கும். ஓர் ஊரின் வடிவச் செல்வம் முழுவதையும் ஒரே போனில் வைத்து, இன்னும் சில போன்களில் நகலும் எடுத்துவிடலாம்.

கூட்டுறவு சங்கத்தின் கணக்கையும் இப்படியே பாருங்கள். யாருக்குப் பாவு கொடுத்தோம், எவ்வளவு சரிகை போனது, சேலை எப்போது திரும்பியது, கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு பிடித்தம் என்பவையெல்லாம் எழுத்தும் எண்ணும்தான். அரிசி ஆலையின் நெல் வரவும், அரசுப் பள்ளிகளின் பாட வீடியோக்களும், நூலகத்தின் மின்னூல்களும் இதோடு சேரட்டும். இவற்றுக்கு ஆயிரம் கோடி ரூபாய் டேட்டா சென்டர் தேவை என்று சொல்பவர், தேவையைக் கணக்கிடாமல் விலையை மட்டும் சொல்கிறார்.

“போனுக்கு அவ்வளவு சக்தி ஏது?” என்பது அடுத்த கேள்வி. ஒரு காலத்தில் இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 2009-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் யூஜின் மாரினெல்லி என்ற மாணவர், ஆண்ட்ராய்டு போன்களை இணைத்து ஒரு கிளவுட் கட்டிப் பார்த்தார். அதற்கு ‘ஹைராக்ஸ்’ என்று பெயர். சந்தைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1-இல் இருந்த ரேம் வெறும் 192 எம்.பி.தான். வேலை நடந்தது, ஆனால் மெதுவாக நடந்தது. பத்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2019-இல் வந்த நடுத்தர விலை போனான கூகுள் பிக்சல் 3ஏ-யில் எட்டு கோர் கொண்ட சிப், 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஜெனிஃபர் ஸ்விட்சரும் அவருடைய குழுவினரும் பயன்படுத்தப்பட்ட பிக்சல் 3ஏ போன்கள் பத்தை இணைத்து ஒரு சிறு கிளவுட் அமைத்தார்கள். ஒரு சமூக வலைத்தளத்தை நடத்தத் தேவையான வேலைகளை அதன்மீது ஏற்றி, அமேசானின் வாடகை சர்வரோடு ஒப்பிட்டார்கள். 2023-இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு தெளிவானது: பழைய போன்கள் அந்த வேலையைத் தாங்கின, செய்த வேலைக்கு வெளியான கார்பனோ பல மடங்கு குறைவு.

எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் ஹூபர் ஃப்ளோரஸும் சக ஆய்வாளர்களும் 2025-இல் இன்னொரு படி போனார்கள். பழைய போன்களின் பேட்டரியைக் கழற்றி, வெளி மின்சாரம் கொடுத்து, முப்பரிமாண அச்சில் எடுத்த தாங்கிகளில் அடுக்கி, கையடக்க டேட்டா சென்டர் ஒன்றைச் செய்தார்கள். ஒரு போனை இப்படி மாற்ற ஆன செலவு சுமார் 8 யூரோ, நம் பணத்தில் எண்ணூறு ரூபாய் அளவு. கடலுக்கு அடியில் உயிரினங்களை எண்ணும் வேலைக்கு அதைப் பயன்படுத்தினார்கள். கடலுக்கடியில் ஓடியது ஆரணியில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் ஓடாது என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போனுக்குள் இருப்பது ஏ.ஆர்.எம். வகை சிப். அதே வகையில்தான் அமேசான் 2018 முதல் ‘கிராவிடான்’ என்ற பெயரில் தன் சர்வர் சிப்புகளை உருவாக்கி வாடகைக்கு விடுகிறது. அங்கே பெரிய அளவில் இருக்கும் பொருளின் சிறிய உறவினர்தான் நம் அலமாரியில் இருப்பது.

“சரி, ஓடும். ஆனால் அடிக்கடி கெட்டுப்போகுமே, நம்ப முடியுமா?” என்பார்கள். கெட்டுப்போகத்தான் செய்யும். கிளவுட் என்ற ஏற்பாடே கெட்டுப்போகும் கணினிகளுக்காகப் பிறந்ததுதான். கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2003-இல் தங்கள் தேடுபொறியின் அமைப்பை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது அதைத் தாங்கியவை 15,000-க்கும் மேற்பட்ட சாதாரண பி.சி.க்கள். தினமும் சில பழுதாகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் மென்பொருளை எழுதினார்கள். நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. 1980-களில் இந்தியா கேட்ட சூப்பர் கம்ப்யூட்டரை அமெரிக்கா தர மறுத்தது. 1988-இல் புனேயில் சி-டாக் நிறுவப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் பரம் 8000 வந்தது. ‘டிரான்ஸ்பியூட்டர்’ எனப்படும் சிறு சிப்புகள் பலவற்றைக் கோத்துத்தான் அதை உருவாக்கினார்கள். பெரியது கிடைக்காதபோது சிறியவற்றை இணைத்து வேலை முடிப்பது நாம் ஏற்கெனவே செய்துகாட்டிய காரியம்.

ஆரணிக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. பட்டுத் தொழிலே இங்கே அப்படித்தான் நடக்கிறது. எல்லாத் தறிகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்த ஆலை எதுவும் ஊரைத் தாங்கவில்லை. தறிகள் வீடுகளில் இருக்கின்றன. மாஸ்டர் வீவரோ சங்கமோ பாவையும் ஊடையையும் சரிகையையும் பிரித்துக் கொடுக்கிறது, முடிந்த சேலைகளைத் திரும்ப வாங்கிச் சேர்க்கிறது. ஒரு வீட்டில் உடம்பு முடியவில்லை என்றால் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போகும். தொழில் நிற்பதில்லை. வேலையைப் பிரித்துக் கொடு, முடிந்ததைச் சேர்த்து வாங்கு, ஒருவர் விழுந்தால் மற்றவரிடம் கொடு என்ற இந்த மூன்று விதிகள்தான் கிளவுட்டை நடத்தும் மென்பொருளின் அடிப்படையும்.

இதை எண்ணிலும் பார்க்கலாம். ஒரு போன் ஏதோ ஒரு நாளில் செயலிழக்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோப்பையும் மூன்று போன்களில் வைத்தால், மூன்றும் ஒரே நாளில் தனித்தனியே செயலிழக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. மூன்று போன்களும் ஒரே அறையில் இருந்தால் ஒரு தீயோ மழையோ மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதனால் சங்க அலுவலகத்தில் ஒரு பகுதி, நூலகத்தில் ஒரு பகுதி, தச்சூரில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியில் ஒரு பகுதி என்று பிரித்து வைக்க வேண்டும். கமண்டல நாகநதிக் கரையில் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இது புரியாத செய்தி இல்லை.

மின்வெட்டு இன்னொரு கவலை. போன் ஒன்று முழு மூச்சாக வேலை செய்தாலும் 4 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். இருபது போன்களுக்கு 80 வாட், இணைப்புக் கருவிக்கு 20 வாட், ஆக 100 வாட். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். பேட்டரி ஒன்று இதைப் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். சர்வர் அறை என்றால் குளிர்சாதனத்துக்கே தனி மின் இணைப்பு கேட்கும்.

இதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அதை மறைத்துப் பேசுவது தவறு. பழைய லித்தியம் பேட்டரி உப்பும், சூடேறினால் தீப்பிடிக்கும். எந்நேரமும் சார்ஜில் கிடக்கும் போனில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே பேட்டரியைக் கழற்றிவிட்டு, அளவான மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்பதில் சமரசமே கூடாது. டார்ட்டு குழுவினர் செய்ததும் அதைத்தான். சித்திரை, வைகாசி வெயிலில் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்மூடியைக் கழற்றி, இடைவெளி விட்டு அடுக்கி, ஒரு ஃபேன் வைத்தால் சமாளிக்கலாம். இவை கவனம் கேட்கும் வேலைகள். செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்களுக்கு இந்தக் கைப்பழக்கம் ஏற்கெனவே உண்டு.

“கூகுள் இலவசமாகத் தரும்போது இத்தனை பாடு எதற்கு?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்த இலவசத்தின் வரலாற்றைப் பாருங்கள். கூகுள் ஃபோட்டோஸ் வரம்பில்லாத இலவசச் சேமிப்பை அறிவித்து எல்லோரையும் பழக்கியது. 2021 ஜூன் 1 அன்று அந்தச் சலுகை நின்றது. அதன் பிறகு 15 ஜி.பி. வரைதான் இலவசம், மேலே போனால் மாதக் கட்டணம். 2025 ஜூலையில் நடந்தது இதைவிடப் பெரிய எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும், நயாரா எனர்ஜி என்ற இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, பிறகு சேவை திரும்பியது. பணம் கட்டிய வாடிக்கையாளரான பெரிய எண்ணெய் நிறுவனத்தின் கதியே இது என்றால், ஒரு நெசவாளர் சங்கத்தின் குரலை யார் கேட்பார்கள்?

வடிவத் திருட்டு இதோடு பின்னிப் பிணைந்தது. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கிப் பாதுகாக்க 1985-இல் சட்டம் வந்தது. ஆனாலும் கைத்தறியின் வடிவம் விசைத்தறியில் மலிவாக வந்துவிடுகிறது என்பது நெசவாளர்களின் நீண்டகாலக் குறை. இன்று வடிவங்கள் வாட்ஸாப்பில் படமாகவும் பென்டிரைவில் கோப்பாகவும் கைமாறுகின்றன. யார் வரைந்தது, எந்த நாளில் வரைந்தது என்பதற்குச் சங்கத்திடம் பதிவு இருக்க வேண்டும். வடிவத்தைப் பதிந்த நாளோடும் வரைந்தவர் பெயரோடும் சேமித்து, யார் எப்போது எடுத்தார்கள் என்றும் குறித்துவைக்கும் ஓர் ஊர்க் களஞ்சியம் திருட்டை முழுதும் தடுத்துவிடாது. ஆனால் தகராறு வரும்போது வரைந்தவர் பக்கம் ஆதாரமாக நிற்கும். அந்தக் களஞ்சியத்தின் சாவி ஊரிடம் இருக்க வேண்டாமா?

பாதுகாப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். புதுப்பிப்பு நின்றுபோன பழைய ஆண்ட்ராய்டை அப்படியே இணையத்தில் விடுவது ஆபத்துதான். அதனால் அதை நீக்கிவிட்டு லினக்ஸ் போட வேண்டும். பழைய போன்களுக்கென்றே 2017 முதல் ‘போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ்.’ என்ற திறந்தமூல லினக்ஸ் இயங்குதளம் வளர்ந்து வருகிறது. போனைக் கொடுப்பவரின் படங்களையும் எண்களையும் முழுமையாக அழித்த பிறகே அடுக்கில் ஏற்ற வேண்டும். ஊர்க் களஞ்சியத்துக்கு வெளியுலக வாசல் ஒன்று போதும். அந்த ஒன்றைக் காவல் காப்பது எளிது.

“மறுசுழற்சிக்குக் கொடுத்தால் தங்கமும் செம்பும் கிடைக்குமே” என்பது சூழல் அக்கறையோடு வரும் எதிர்வாதம். ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் கொட்டிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். மிச்சம் குப்பைமேட்டிலும் அமிலத் தொட்டியிலும் யாரோ ஒருவரின் நுரையீரலிலும் சேர்கிறது. தவிர, ஒரு போன் தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கார்பன் உமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. உருக்கினால் கிடைப்பது சிறிதளவு உலோகம்தான். அந்தச் சிப்பைச் செய்யச் செலவான மின்சாரமும் தண்ணீரும் உழைப்பும் திரும்புவதில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் தொழிற்சாலைகளில் வரிசையில் நின்று அந்தப் போன்களைக் கோத்தவர்களில் வட மாவட்டங்களின் பெண்கள் ஏராளம். அவர்கள் கைபட்ட பொருள் மூன்றே ஆண்டில் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் பயன்படுத்து, இனி முடியாது எனும்போது மறுசுழற்சிக்குக் கொடு என்பதுதான் சரியான வரிசை.

எல்லாவற்றையும்விடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு: “பணக்கார ஊர்களுக்குப் புது டேட்டா சென்டர், நெசவு ஊருக்குப் பழைய போனா? இது ஏழைகளுக்கு மிச்சத்தைப் போடும் வேலை இல்லையா?” இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். பழைய போன் அடுக்கைக் காட்டி, ஃபைபர் இணைப்பையோ பள்ளிக் கணினியையோ அரசு நிறுத்துமானால் முதல் எதிர்ப்பு என்னுடையதாக இருக்கும். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் அதிவேக இணையம் என்பது டான்ஃபினெட் திட்டத்தின் வாக்குறுதி. அது முழுமையாக நிறைவேறியாக வேண்டும். ஆனால் இங்கே பேசப்படும் போன்கள் ஊரார் தம் உழைப்பில் வாங்கிய தம் சொத்து. அதன் மிச்ச ஆயுளைத் தாமே பயன்படுத்துவது எப்படி இரவலாகும்? மாதாமாதம் வாடகை கட்டி, விலையை அவர்கள் உயர்த்தும்போதெல்லாம் தலையாட்டி, தன் வடிவத்தைத் தானே கேட்டு வாங்குவதுதான் இரவல் வாழ்க்கை.

எல்லாவற்றையும் போன் அடுக்கு செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெரிய செயற்கை அறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க முடியாது. வங்கிப் பரிவர்த்தனையை அதன்மீது ஏற்றக் கூடாது. போன்களுக்கு இடையிலான தகவல் பாதை சர்வருக்குள் இருப்பதைவிடக் குறுகியது. திரும்பத் திரும்ப எழுதி அழிக்கும் வேலைக்கு அவற்றின் சேமிப்புச் சிப் நெடுநாள் தாங்காது. ஆனால் ஆரணியின் அன்றாடத் தேவை எழுதி அழிப்பதைவிடச் சேமித்துப் படிப்பதுதான். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில், 2024-இல் உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது, 2030-க்குள் அந்தத் தேவை இரட்டிப்புக்கும் மேலாகும். சிறிய வேலையைச் சிறிய கருவிக்குக் கொடுத்தால் பெரிய கருவி பெரிய வேலைக்கு மிஞ்சும்.

அப்படியானால் தடை எது? போனின் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரில் இருக்கும் பூட்டு. புதுப்பிப்புகளை நிறுத்திய பிறகும் பல நிறுவனங்கள் வேறு இயங்குதளம் ஏற்ற விடுவதில்லை. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் பொருளைத் திறக்கும் உரிமை இல்லை என்பது அநியாயம். நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது, 2024-இல் பழுதுபார்க்கத்தக்க தன்மையை மதிப்பிடும் குறியீட்டுக்குக் குழு அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பு தர வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. இந்தியா அதற்கும் ஒரு படி மேலே போகட்டும்: ஆதரவை நிறுத்தும் நாளில் பூட்டைத் திறந்துகொடுப்பது நிறுவனத்தின் சட்டக் கடமை ஆகட்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் புதுப்பித்துப் பயன்படுத்துவதை ஏற்கின்றன. போன்களைக் கணினி அடுக்காக மாற்றுவதையும் அதில் தெளிவாகச் சேர்க்க வேண்டும்.

ஊர் செய்ய வேண்டியதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பூட்டைத் திறக்கக்கூடிய போன்கள் இன்றும் கணிசமாக இருக்கின்றன. பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டு வேலையாக இதை எடுக்கலாம். பழுதுபார்க்கும் கடைக்காரர்கள் பேட்டரி கழற்றும் வேலையை ஏற்கலாம். ஒரு கூட்டுறவு சங்கம் தன் வடிவங்களையும் பாவுக் கணக்கையும் முதலில் ஏற்றிப் பார்க்கலாம். பழைய முறையையும் ஓராண்டு கூடவே வைத்திருந்து, நம்பிக்கை வந்த பிறகு முழுதாக மாறலாம்.

ஆரணி நெசவாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டுக்கான கிளவுட் சந்தாவைக் கட்டும் முன் இருபது பழைய போன்களைச் சேகரித்து, உங்கள் வேலையை அதில் ஓட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால் நட்டம் சில ஆயிரம் ரூபாய். ஓடினால் உங்கள் வடிவமும் உங்கள் கணக்கும் உங்கள் ஊரிலேயே, உங்கள் சாவிக்குள் இருக்கும்.